ஏழு தியாகிகள் நினைவுச்சின்னம், பாட்னா

ஏழு தியாகிகள் நினைவுச்சின்னம் என்பது பீகார் தலைநகர் பாட்னாவில், பழைய தலைமைச் செயலகத்துக்கு எதிரே உள்ள வெண்கலச் சிற்பத் தொகுதி. 1942 ஆகஸ்ட் 11 அன்று அந்தச் செயலகத்தில் தேசியக் கொடி ஏற்றச் சென்று, துப்பாக்கிச் சூட்டில் உயிர்நீத்த ஏழு மாணவர்களுக்காக எழுப்பப்பட்டது. வடித்தவர் சென்னை அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி.

வரலாற்றுப் பின்னணி

இரண்டாம் உலகப்போரில் இந்திய மக்களைக் கேளாமலே பிரிட்டன் இந்தியாவை ஈடுபடுத்தியது. 1942 ஆகஸ்ட் 8 அன்று பம்பாயில் கூடிய காங்கிரஸ், ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானத்தை நிறைவேற்றியது. மறுநாள் காந்தி கைதானார். பாட்னாவில் ராஜேந்திர பிரசாத் சிறைப்பட்டார். தலைவர்கள் இல்லாத களத்தில் மாணவர்கள் இறங்கினர்.

துப்பாக்கிச் சூடு

ஆகஸ்ட் 11 பிற்பகலில் மாணவர் ஊர்வலம் செயலகத்தை நெருங்கியது. மாவட்ட ஆட்சியர் டபிள்யூ. ஜி. ஆர்ச்சரின் உத்தரவின்பேரில் துப்பாக்கிச் சூடு தொடங்கியது. உமாகாந்த் பிரசாத் சின்ஹா, ராமானந்த் சிங், சதீஷ் பிரசாத் ஜா, ஜகத்பதி குமார், தேவிபாத சௌத்ரி, ராஜேந்திர சிங், ராம்கோவிந்த் சிங் ஆகிய ஏழு பேர் இறந்தனர். ஜகத்பதி குமார் மட்டுமே கல்லூரி மாணவர். மற்ற அறுவரும் பள்ளிப் பிள்ளைகள். அவர்களில் பலர் ஒன்பதாம் வகுப்பில் படித்தவர்கள்.

சிற்பம்

நாடு விடுதலை பெற்ற 1947 ஆகஸ்ட் 15 அன்றே, பீகார் ஆளுநர் ஜெய்ராம்தாஸ் தௌலத்ராம் அடிக்கல் நாட்டினார். உருவங்கள் இத்தாலியில் வெண்கலத்தில் வார்க்கப்பட்டன. 1956 அக்டோபரில் நினைவுச்சின்னத்தைத் திறந்துவைத்தவர், 1942இல் அதே நகரில் கைதாகிக் குடியரசுத் தலைவராக உயர்ந்திருந்த ராஜேந்திர பிரசாத்.

சிலர் குண்டடிபட்டுச் சாய, மற்றவர்கள் கொடியோடு முன்னேறும் தருணத்தைச் சிற்பி பிடித்திருக்கிறார். உடல்கள் ஒரே திசையில் உந்திச் செல்லும் இந்த அமைப்பை, 1959இல் சென்னை மெரினாவில் நிறுவப்பட்ட அவரது உழைப்பாளர் சிலையிலும் காணலாம்.

ஒப்பீடும் சிறப்பும்

போலந்தின் வார்சாவில் 1983இல் திறக்கப்பட்ட ‘சின்னக் கிளர்ச்சியாளன்’ சிலை, நாஜிகளுக்கு எதிரான 1944 எழுச்சியில் பங்கேற்ற சிறுவர்களைப் போற்றுகிறது. தலைக்குப் பொருந்தாத பெரிய இரும்புத் தொப்பியும் கையில் இயந்திரத் துப்பாக்கியுமாக நிற்கிறான் அந்தச் சிறுவன். சேலம், தருமபுரி வட்டார நடுகற்களிலும் போரில் வீழ்ந்த வீரன் வில்லும் வாளும் ஏந்தியே காட்சி தருகிறான். பாட்னா மாணவர்கள் ஏந்தியது கொடி. ஆயுதமின்றி எதிர்த்து நின்ற இளையோரையும் வீரர் வரிசையில் வைத்ததே இச்சின்னத்தின் தனிச்சிறப்பு.

அதே 1942இல் மகாராஷ்டிராவின் நந்துர்பாரில் சுடப்பட்ட சிறுவன் சிரீஷ்குமாருக்கும் அவனுடன் இறந்தவர்களுக்கும் அவ்வூரில் நினைவிடம் உண்டு. விடுதலைப் போரின் வரலாறு பெருந்தலைவர்களின் பெயர்களோடு முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இவை சான்றுகள். பாடப்புத்தகங்களில் பாட்னா மாணவர்களின் ஏழு பெயர்களும் முழுமையாக இடம்பெற வேண்டும். அந்தப் பிள்ளைகளின் வயதில் இருப்பவர்களே அவற்றைப் படிக்கிறார்கள்.