இரண்டு வாக்குமூலங்கள்

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அங்கே சரணடைந்த இந்தியப் போர்வீரர் பலர் மோகன்சிங் அமைத்த இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். பலர் மறுத்துக் கைதிகளாகவே இருந்தனர்.

போர் முடிந்ததும், சேர்ந்தோரை ஆங்கிலேயர் விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என வகைப்படுத்தினர். ‘கறுப்பு’ வகையினர் வேலையோடு நிலுவைச் சம்பளத்தையும் இழந்தனர். ‘வற்புறுத்தலால் சேர்ந்தேன்’ என்ற கூற்றே அன்று காப்பு. 1972இல் நடுவண் அரசு விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு ஓய்வூதியம் வழங்கத் தொடங்கியபோதோ, ‘நாட்டுக்காக விரும்பிச் சேர்ந்தேன்’ என்பதே மதிப்புப் பெற்றது.

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையூர்களில் முன்னாள் வீரர்களின் நினைவுகளைத் திரட்டுவோர் இதை மறத்தலாகாது. 1938இல் துப்பாக்கிச்சூட்டில் வீரராகவன் உயிரிழந்த மண் அது. தியாகக் கதையைக் கேட்க ஊரே காத்திருக்கும். அதனால் பிந்தைய கூற்று பொய்யாகிவிடாது. அச்சத்தில் சொன்ன முந்தைய கூற்று மெய்யாகிவிடவும் இல்லை. முகாமின் பசியும் நாட்டுப்பற்றும் ஒரே மனிதரிடம் ஒருங்கே இருந்திருக்கலாம்.

எனவே இரு கூற்றுகளையும், சொல்லப்பட்ட ஆண்டோடும் கேட்டவர் யார் என்ற குறிப்போடும், அருகருகே பதிவுசெய்க. உடனிருந்தவர் சொல்லோ படைப்பிரிவு ஆவணமோ கிட்டும்வரை தீர்ப்பு காத்திருக்கட்டும்.