உற்சவமூர்த்தி பிறக்கும் உலை

சின்னசேலத்திலும் அதனைச் சூழ்ந்த கல்வராயன் அடிவாரத்துக் கிராமங்களிலும் திருவிழாக் காலத்தில் வீதியுலா வரும் உற்சவமூர்த்தியைத் தரிசித்துக் கைகூப்பும் நாம், அத்திருமேனி உலையிலிருந்து உருவெடுத்த விதத்தைச் சிந்திப்பது அபூர்வம். கள்ளக்குறிச்சிப் பிரதேசம் மரச்சிற்பத்துக்கே கீர்த்தி பெற்றது. உலோக வார்ப்பைக் கண்ணாரக் காண விரும்புவோர் காவிரிக் கரையிலுள்ள சுவாமிமலைக்கோ, ஸ்தபதிகள் வந்து வார்த்துக் காட்டும் கலைவிழாக்களுக்கோதான் செல்ல வேண்டும்.

தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துச் சமைத்த உருவின்மேல், மெழுகில் பதிந்த விரல்ரேகையையும் பற்றிக்கொள்ளும் நுண்மை வாய்ந்த காவிரி வண்டலைப் பூசி, நிழலில் உலர்த்தி, அதன்மேல் மணல் கலந்த மண்ணை அப்பிக் கம்பியால் கட்டி, வறட்டித் தீயில் வாட்டினால், மெழுகு உருகி வெளியேற, உள்ளே வெற்றிடம் ஒன்றே எஞ்சும். அவ்வச்சைக் குழியில் புதைத்து, காய்ச்சிய உலோகத்தைத் தாரை அறாமல் வார்க்கும் அந்தச் சில நிமிஷங்களில் கை சற்றே தயங்கினாலும் அத்தனை உழைப்பும் பாழாகும். அச்சை உடைத்தே விக்கிரகத்தை எடுப்பதால், ஒன்றைப் போலவே மற்றொன்று பிறப்பதில்லை.

12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசம், மெழுகின் எடைக்கு வெள்ளியாயின் 12 மடங்கு, பொன்னாயின் 16 மடங்கு என்று கணக்கு வகுத்திருக்கிறது. அதற்கும் முன்பே, முதலாம் ராஜராஜனும் அவன் தமக்கை குந்தவையாரும் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளித்த செப்புத் திருமேனிகளின் உயரத்தை, முழமும் விரலும் பிசகாமல் கல்வெட்டில் பொறித்து வைத்தனர். இத்தகைய துல்லியம் ஏட்டறிவால் மட்டும் வருவதன்று. தந்தையின் உலையருகே நின்று பழகிய பரம்பரைக் கல்வி அது.

ஆதலால், ஸ்தபதிகள் வார்த்துக் காட்டும் கலைவிழாவுக்குச் செல்வோர் குழந்தைகளையும் உடனழைத்துச் சென்று, உலோகம் பாயும் வரை பொறுமையுடன் நின்று காணுமாறு வேண்டிக்கொள்கிறேன்.