மலை மிதிவண்டியின் வரலாறு: டமல்பையஸ் மலையும் ஊரருகுப் பாதைகளும்

மலை மிதிவண்டி என்பது மண்பாதை, மலைச்சரிவு, காட்டுத்தடம் போன்ற கரடுமுரடான இடங்களில் ஓட்டுவதற்கென வடிவமைக்கப்பட்ட மிதிவண்டியாகும். அகன்ற டயர், உறுதியான சட்டகம், வலுவான பிரேக், செங்குத்தான ஏற்றத்துக்கு உதவும் பல கியர்கள் ஆகியன இதன் அடையாளங்கள். இன்று ஒலிம்பிக் போட்டிகளில் இடம்பெற்றுள்ள இவ்விளையாட்டு, 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள மாரின் மாவட்டத்து இளைஞர்கள் சிலர் தம் ஊருக்குப் பின்னால் இருந்த மலையில் பழைய வண்டிகளை ஓட்டி விளையாடியதிலிருந்து வளர்ந்தது. அதே மலையில் அவர்களுக்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பிருந்தே நடைபயணிகள் இருந்தனர். ஊருக்கு அருகிலுள்ள ஒரு மலை யாருக்கு உரியது, அதில் எந்த வேகத்தில் செல்லலாம் என்ற கேள்வி இந்த வரலாறு முழுவதும் தொடர்ந்து வருகிறது.

முந்தைய முயற்சிகள்

சாலையில்லாத இடங்களில் மிதிவண்டி ஓட்டுவது புதிய செயலன்று. 1897ஆம் ஆண்டு அமெரிக்கப் படையின் 25ஆம் காலாட்படைப் பிரிவைச் சேர்ந்த கறுப்பினப் படைவீரர் 20 பேர், மொன்டானாவின் மிசூலா கோட்டையிலிருந்து செயின்ட் லூயிஸ் நகரம் வரை ஏறத்தாழ 3,000 கி.மீ. தொலைவை மிதிவண்டியில் கடந்தனர். பயணத்தின் பெரும்பகுதி சேறும் மணலும் மலைப்பாதையுமாக இருந்தது. படைவீரர்களை ஏற்றிச்செல்லக் குதிரைக்கு மாற்றாக மிதிவண்டி பயன்படுமா என்று சோதிப்பதே அதன் நோக்கம்.

பிரான்சில் 1950களின் தொடக்கத்தில் பாரிஸ் புறநகர் இளைஞர்கள் தங்கள் வண்டிகளை மாற்றியமைத்துக் காட்டுமேடுகளில் ஓட்டினர். பிரிட்டனில் 1955இல் கரடுமுரடான பாதைகளை விரும்பும் மிதிவண்டியாளர்களுக்கென 'ரஃப் ஸ்டஃப் ஃபெலோஷிப்' என்னும் சங்கம் தொடங்கப்பட்டது. கலிபோர்னியாவிலேயே ஜான் ஃபின்லி ஸ்காட் என்பவர் 1953இல் அகன்ற டயரும் கியர்களும் பொருத்திய வண்டி ஒன்றை அமைத்துக்கொண்டார். ஆயினும் இம்முயற்சிகளில் எதுவும் புதிய வகை வண்டியைச் சந்தைக்குக் கொண்டுவரவில்லை. மாரினில் அது நடந்ததற்கு அவ்விடத்தின் அமைப்பும் காரணமாகும்.

டமல்பையஸ் மலை

சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே, கோல்டன் கேட் நீரிணைக்கு அப்பால் உள்ளது டமல்பையஸ் மலை. கோஸ்ட் மிவோக் என்னும் பழங்குடியினரின் நிலமாக இருந்த இதன் உயரம் 784 மீட்டர். அடிவாரத்தில் மில் வேலி, ஃபேர்ஃபாக்ஸ் முதலிய சிற்றூர்கள் உள்ளன.

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இம்மலை நகரவாசிகளின் விடுமுறை நாள் இடமாகிவிட்டது. கோல்டன் கேட் பாலம் 1937இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு மக்கள் படகில் நீரிணையைக் கடந்து, ரயிலேறி மில் வேலிக்கு வந்து, அங்கிருந்து நடந்தனர். 1896இல் மில் வேலியிலிருந்து உச்சிக்கு அருகே வரை ஒரு மலை ரயில்பாதை போடப்பட்டது. 281 வளைவுகள் கொண்ட அப்பாதை 1930இல் மூடப்பட்டுத் தண்டவாளங்கள் அகற்றப்பட்டன. எஞ்சிய சீரான சரிவுடைய மண்பாதை பிற்காலத்தில் மிதிவண்டியாளர்களுக்கு மிகவும் பயன்பட்டது. மில் வேலியிலிருந்து கடற்கரை வரை மலையைக் கடந்து ஓடும் 'டிப்சி' ஓட்டப்பந்தயம் 1905இல் தொடங்கியது.

இம்மலை வீட்டுமனைகளாக மாறாமல் காப்பாற்றப்பட்டதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. குடிநீருக்காக 1912இல் அமைக்கப்பட்ட மாரின் நகராட்சி நீர் மாவட்டம் மலையின் நீர்ப்பிடிப்பு நிலங்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில் நடைபயணிகள் ஒன்றுகூடி டமல்பையஸ் பாதுகாப்புச் சங்கத்தை உருவாக்கினர். அவர்கள் நிலத்தைக் காக்கப் போராடியதோடு, விடுமுறை நாள்களில் மண்வெட்டியுடன் சென்று பாதைகளையும் பராமரித்தனர். காட்டுத்தீயை அணைக்க வண்டிகள் செல்வதற்காக அகன்ற மண்சாலைகளும் மலையெங்கும் வெட்டப்பட்டன.

மலையின் தெற்கே உள்ள மாரின் முனைநிலங்களில் 1960களில் 'மாரின்செல்லோ' என்னும் பெயரில் ஏறத்தாழ 30,000 பேர் வாழக்கூடிய புதுநகரம் ஒன்று திட்டமிடப்பட்டது. உள்ளூர் மக்களின் எதிர்ப்பாலும் வழக்குகளாலும் அத்திட்டம் நின்றது. அந்நிலம் 1972இல் உருவான கோல்டன் கேட் தேசிய பொழுதுபோக்குப் பகுதியின் பங்காயிற்று. நகரத்துக்காக வெட்டத் தொடங்கிய சாலை இன்று மாரின்செல்லோ தடம் என்ற பெயரில் நடப்பவர்களுக்கும் மிதிவண்டியாளர்களுக்கும் பயன்படுகிறது.

முதுகுப்பைப் பயணத்தின் வளர்ச்சி

உணவு, படுக்கை, கூடாரம் ஆகியவற்றை முதுகில் சுமந்து ஓரிரு இரவுகள் வெளியில் தங்கும் பழக்கமும் இதே காலத்தில் பரவியது. முன்பு பயன்பட்ட பைகளின் எடை முழுவதும் தோள்களில் இறங்கியது. தெற்குக் கலிபோர்னியாவைச் சேர்ந்த டிக் கெல்டி, 1952 முதல் அலுமினியச் சட்டகம் பொருத்திய பைகளைச் செய்து விற்கத் தொடங்கினார். இடுப்புப் பட்டையின் மூலம் சுமையின் பெரும்பகுதி தோளிலிருந்து இடுப்பெலும்புக்கு மாறியது. இதனால் சாதாரண உடல்வலு உள்ளவரும் பல நாள் சுமையுடன் நடக்க முடிந்தது.

நல்ல கருவி இருந்தால்தான் நடக்க முடியும் என்பதில்லை என்பதற்கு எம்மா கேட்வுட் சான்றாவார். 67 வயதான அவர் 1955இல், தானே தைத்த துணிப்பை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, 3,000 கி.மீ.க்கும் மேல் நீளமுள்ள அப்பலாச்சியன் தடம் முழுவதையும் தனியாக நடந்து முடித்தார். 1968இல் வெளிவந்த காலின் ஃப்ளெட்சரின் 'தி கம்ப்ளீட் வாக்கர்' என்னும் கையேடு, முதுகுப்பைப் பயணத்தை இளைஞர்களிடையே மேலும் பரப்பியது. மாரின் மலைகளில் இப்போதுள்ள நடந்து மட்டுமே அடையக்கூடிய சிறு முகாம்கள், பெருநகரத்திலிருந்து ஒரு நாளில் சென்று இரவு தங்கித் திரும்பும் வாய்ப்பைத் தருகின்றன.

பழைய வண்டிகளும் ரீபேக் பந்தயமும்

1933இல் சிகாகோவின் ஷ்வின் நிறுவனம் 2 அங்குலத்துக்கும் அதிகமான அகலமுள்ள, காற்று நிறைந்த பருமனான டயர்களுடன் மிதிவண்டிகளை விற்கத் தொடங்கியது. இவை சிறுவர்களின் முரட்டு ஓட்டத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை. 1970களில் இத்தகைய வண்டிகள் பழைய பொருள் கடைகளிலும் குப்பைமேடுகளிலும் மலிவாகக் கிடைத்தன. மாரின் இளைஞர்கள் அவற்றின் மட்கார்டு, செயின்கவர் முதலியவற்றைக் கழற்றிவிட்டு மலையில் ஓட்டினர். போருக்கு முற்பட்ட ஷ்வின் எக்செல்சியர் சட்டகமே இறக்கத்தில் நிதானமாக நின்றதால் அதற்குத் தனி மதிப்பு இருந்தது.

இவ்வண்டிகளுக்கு இரண்டு குறைகள் இருந்தன. ஒன்று எடை. இன்னொன்று, பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் ஒற்றைப் பின்பிரேக். கியர் இல்லாததால் மேலேறும்போது பெரும்பாலும் வண்டியைத் தள்ளிக்கொண்டே செல்ல வேண்டும். 1974 டிசம்பரில் மில் வேலியில் நடந்த ஒரு பந்தயத்துக்கு, குப்பர்டினோ ஊரைச் சேர்ந்த 'மாரோ டர்ட் கிளப்' குழுவினர் கியர் பொருத்திய பழைய வண்டிகளுடன் வந்தனர். அதன்பின் மாரினில் கேரி ஃபிஷரும் தம் பழைய வண்டியில் கியர்களையும் டிரம் பிரேக்கையும் பொருத்தினார். மலை மேல் வரை மிதித்தே ஏறலாம் என்ற நிலை உருவானது.

1976 அக்டோபர் 21 அன்று ஃபேர்ஃபாக்ஸ் அருகே ஒரு தீத்தடுப்பு மண்சாலையில் நண்பர்களுக்கிடையே இறக்கப் பந்தயம் ஒன்று நடந்தது. சார்லி கெல்லி இப்பந்தயங்களை ஏற்பாடு செய்தார். ஏறத்தாழ 3.4 கி.மீ. தொலைவில் 400 மீட்டர் உயரம் இறங்கும் பாதை அது. பின்பிரேக்கைத் தொடர்ந்து பிடித்ததால் சக்கரக் குடம் சூடாகி, உள்ளே இருந்த கிரீஸ் புகைந்து வெளியேறிவிடும். ஒவ்வொரு முறையும் குடத்தைக் கழற்றிப் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. மீண்டும் அடைத்தல் என்ற பொருளில் அப்பாதைக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்தது. ஓட்டுநர்கள் ஒருவர்பின் ஒருவராக இடைவெளி விட்டு அனுப்பப்பட்டு, ஒவ்வொருவரின் நேரமும் தனியே கணக்கிடப்பட்டது. ஃபிஷரின் 4 நிமிடம் 22 விநாடி அப்பாதையின் சாதனை நேரமாகும்.

இப்பந்தயத்தின் முக்கியத்துவம் வெற்றி தோல்வியில் இல்லை. ஒரே பாதையில் திரும்பத் திரும்ப ஓட்டி நேரம் குறித்ததால், எந்தச் சட்டகம் உடைகிறது, எந்தப் பிரேக் தாங்குகிறது, எந்தக் கைப்பிடி வளைகிறது என்பது தெளிவாகத் தெரிந்தது. ஓட்டியவர்களில் பலர் சாலைப் பந்தய வீரர்கள்; உதிரிபாகங்களை அறிந்தவர்கள். மலை வீட்டருகே இருந்ததால் ஒரு வாரம் கண்ட குறையைச் சரிசெய்து அடுத்த வாரமே சோதிக்க முடிந்தது. முன்னைய முயற்சிகளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

கைவினையிலிருந்து தொழிலுக்கு

பழைய சட்டகங்கள் உடைந்து தீர்ந்துகொண்டிருந்த நிலையில், பந்தயத்தில் பங்கேற்ற ஜோ பிரீஸ் 1977இல் மலைக்கென்றே புதிய சட்டகம் ஒன்றைச் செய்தார். முற்றிலும் புதிய பாகங்களுடன் அமைந்த அந்த முதல் 'பிரீஸர்' வண்டி இன்று வாஷிங்டனில் உள்ள தேசிய அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது. 1979இல் டாம் ரிட்சி செய்த சட்டகங்களைக் கொண்டு ஃபிஷரும் கெல்லியும் 'மவுன்டன்பைக்ஸ்' என்ற பெயரில் சிறு நிறுவனம் தொடங்கினர். அப்பெயரைத் தனியுரிமையாகப் பதிவு செய்ய முடியவில்லை. ஆகவே அது அவ்வகை வண்டிகள் அனைத்துக்கும் பொதுப்பெயராகிவிட்டது.

1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் ஜப்பானில் தயாரித்து விற்ற 'ஸ்டம்ப்ஜம்பர்' வண்டியே பெரும் எண்ணிக்கையில் சந்தைக்கு வந்த முதல் மலை மிதிவண்டியாகக் கருதப்படுகிறது. 1990இல் கொலராடோவின் துராங்கோ நகரில் முதல் உலகப் போட்டி நடந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு சேர்க்கப்பட்டது. ரீபேக் பந்தயம் தொடங்கி 20 ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றம் இது.

பாதைகளுக்கான சண்டை

வண்டிகள் பெருகியதும் மலைப்பாதைகளில் பூசல் தொடங்கியது. நடப்பவர் மணிக்கு 4 அல்லது 5 கி.மீ. வேகத்தில் செல்ல, இறக்கத்தில் வரும் மிதிவண்டி அதைப்போல் பல மடங்கு வேகத்தில் வந்தது. மோட்டார் சைக்கிளைப் போல் ஓசை எழுப்பாததால், வளைவில் திரும்பும்வரை அது வருவது தெரியாது. குதிரைகள் மிரண்டு ஓட்டுநரைக் கீழே தள்ளும் அபாயமும் இருந்தது. மண்ணரிப்பு மற்றொரு குற்றச்சாட்டு. நேரே கீழ்நோக்கிச் செல்லும் பாதையில் சக்கரத்தைப் பூட்டி வழுக்கினால் ஏற்படும் பள்ளம் மழைக்காலத்தில் ஓடையாகிவிடும். சரிவுக்குக் குறுக்காக, வெளிப்புறம் சற்றே சாய்வாக வெட்டப்பட்ட பாதையிலோ நீர் தேங்காமல் வழிந்துவிடுவதால் பாதிப்பு குறைவு.

நீர் மாவட்டம் மிதிவண்டிகளை அகன்ற தீத்தடுப்புச் சாலைகளில் மட்டும் அனுமதித்து, ஒற்றையடித் தடங்களில் தடை செய்தது. சாலைகளிலும் மணிக்கு 15 மைல், அதாவது ஏறத்தாழ 24 கி.மீ. வேகம் உச்சவரம்பாயிற்று. பார்வை மறையும் வளைவுகளில் அது 5 மைல். இவ்வாறு, மலை மிதிவண்டி உருவான மலையிலேயே அதன் குறுகிய பாதைகள் பல பத்தாண்டுகள் அதற்கு மூடப்பட்டிருந்தன.

நாடு தழுவிய அளவிலும் இதே கேள்வி எழுந்தது. 1964ஆம் ஆண்டு வனப்பகுதிச் சட்டம், பாதுகாக்கப்பட்ட வனங்களில் இயந்திரவழிப் போக்குவரத்தைத் தடுத்தது. மிதிவண்டி அதில் அடங்குமா என்பது தெளிவாக இல்லை. 1984இல் அமெரிக்க வனத்துறை அடங்கும் என்று விதி வகுத்தது. இதற்கு எதிர்வினையாக, 1988இல் கலிபோர்னியாவின் மிதிவண்டிச் சங்கங்கள் சேர்ந்து பன்னாட்டு மலை மிதிவண்டிச் சங்கத்தை நிறுவின. நடப்பவருக்கு வழிவிடுதல், ஈரமான பாதையைத் தவிர்த்தல், வேகத்தைக் கட்டுப்படுத்தல் ஆகிய ஒழுங்குகளை அது பரப்பியது. பாதைகளை வெட்டவும் சீர்செய்யவும் தொண்டர்களைத் திரட்டியது. 1912இல் நடைபயணிகள் மண்வெட்டி எடுத்துச் செய்த பணியையே அவர்களும் மேற்கொண்டனர்.

இரு பொழுதுபோக்குகளும் இணைதல்

பிற்காலத்தில் முதுகுப்பைப் பயணமும் மலை மிதிவண்டியோட்டமும் ஒன்றையொன்று நெருங்கின. சட்டகத்திலும் கைப்பிடியிலும் இருக்கைக்குப் பின்னும் பைகளைக் கட்டிக்கொண்டு, இரவில் வெளியில் தங்கும் 'பைக்பேக்கிங்' முறை பரவியது. எடை குறைந்த கூடாரமும் படுக்கையும் இதற்கு உதவின. தொலைதூரப் பயணம் செய்ய நேரமோ பணமோ இல்லாதவரும் அலுவல் முடிந்து கிளம்பி, அருகிலுள்ள குன்றில் ஓர் இரவு தங்கி, காலையில் திரும்பலாம் என்ற கருத்தை, உலகைச் சுற்றிவந்த பிரிட்டன் மிதிவண்டிப் பயணி அலாஸ்டேர் ஹம்ஃப்ரீஸ் 2010களில் 'மைக்ரோஅட்வென்ச்சர்' என்னும் பெயரில் பரப்பினார்.

ஃபேர்ஃபாக்ஸ் ஊரில் 2015இல் மிதிவண்டி அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. தொடக்ககால மலை மிதிவண்டிகள் அங்குப் பாதுகாக்கப்படுகின்றன. ரீபேக் பாதை இன்றும் அவ்வூருக்கு அருகிலேயே உள்ளது. நடப்பவர், குதிரையில் செல்பவர், மிதிவண்டியாளர் ஆகிய மூவரும் அதைப் பகிர்ந்துகொள்கின்றனர். ஊரருகே ஒரு மலை திறந்தவெளியாக எஞ்சியிருப்பதற்கு முந்தைய தலைமுறையின் போராட்டம் தேவைப்பட்டது. அதில் எல்லோரும் இடையூறின்றிச் செல்வதற்கான விதிகள் எவை என்பது குறித்த பேச்சு அங்கு இன்னும் முடியவில்லை.