தோட்டத்து மருந்தறையிலிருந்து தேர்வுக் குழு வரை

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் மருத்துவத்தை நான்கு உறுப்புகளாகப் பகுத்துக் கூறி நிறைவுறுகிறது. நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து பணி செய்யும் உழைச்செல்வான் என்பன அந்நான்கு. ‘தெரிந்து வினையாடல்’ என்னும் அதிகாரமோ, ஒரு பணிக்கு உரியவனை ஆராய்ந்து அமர்த்தும் முறையை விளக்குகிறது. இவ்விரண்டையும் சேர்த்துக் கற்போர் உள்ளத்தில் ஒரு வினா எழும். உழைச்செல்வானைத் தேர்ந்தெடுப்பவர் யார்? மலேசியத் தமிழரின் வரலாற்றில் இவ்வினாவுக்குரிய விடை காலந்தோறும் மாறி வந்திருக்கிறது.

இரப்பர் பயிரிடப்பட்ட தொடக்கக் காலத்தில் காட்டை அழித்த தமிழர்களை மலேரியாக் காய்ச்சல் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. 1901-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத்தில் மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடித்து நோயைக் கட்டுப்படுத்திய செய்தி உலகறிந்தது. ஆயினும், லயத்தில் வாழ்ந்த தொழிலாளி நாள்தோறும் கண்டது டிரஸ்ஸரைத்தான். காய்ச்சலுக்குக் கொயினா கொடுத்தவரும், காயத்துக்குக் கட்டுப் போட்டவரும், இன்று வேலைக்குப் போகலாமா கூடாதா என்று சொன்னவரும் அவரே. அவரை அமர்த்தியதும் அவருக்குச் சம்பளம் கொடுத்ததும் தோட்ட நிர்வாகம். எவ்வளவு நல்லவராயினும், சம்பளம் தருபவர் ஒருவர், சிகிச்சை பெறுபவர் வேறொருவர் என்னும் இக்கட்டிலேயே அவர் பணியாற்ற வேண்டியிருந்தது. 1965-ஆம் ஆண்டில் தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டமும், 1977-இல் மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டமும் இயற்றப்பட்டபோது, இப்பணி சட்டத்தின் கண்காணிப்புக்குள் வந்தது.

பரிந்துரையால் பதவி பெறும் வழக்கம் தோட்டத்துக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டிஷ் அரசுப் பணியிலும் செல்வாக்கே நெடுங்காலம் ஆட்சி செய்தது. திறமையைச் சோதித்தே ஆளெடுக்க வேண்டும் என்று 1854-இல் வெளிவந்த நார்த்கோட்–டிரெவெலியன் அறிக்கை வற்புறுத்தியது. அக்கருத்தின் வழிவந்த அமைப்பே 1957-ஆம் ஆண்டு அரசியலமைப்பில் இடம்பெற்ற பொதுச் சேவை ஆணையம். மருத்துவமும் சுகாதாரமும் கூட்டரசின் பொறுப்பாதலால், ஜொகூர் இளைஞனும் கெடா இளைஞனும் அவ்வாணையத்தின் முன்னரே நின்றனர். அரசியலமைப்பின் 136-ஆம் விதி, சேவையில் ஒரே தரத்தில் உள்ளோர் எவ்வினத்தவராயினும் பாரபட்சமின்றி நடத்தப்பட வேண்டும் என்கிறது. 153-ஆம் விதி மலாய்க்காரர்க்கும் சபா, சரவாக் பூர்வகுடியினர்க்கும் பதவிகளில் நியாயமான விகிதம் ஒதுக்க இடமளிக்கிறது. இவ்விரு விதிகளையும் மாணவர் அறிந்திருத்தல் நலம்.

இந்தப் பின்னணியில் பண்டார் தெங்காராவை நோக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டில் ஜொகூர் தெங்காரா வளர்ச்சி வாரியம், அதாவது கெஜோரா, நிறுவப்பட்டது. காடாயிருந்த நிலப்பரப்பில் செம்பனை தழைத்தது. புதிய நகரங்கள் எழுந்தன. அவற்றுள் ஒன்று பண்டார் தெங்காரா. 1950-களில் தொடங்கிய நாட்டுப்புறச் சுகாதாரத் திட்டம், 50,000 பேருக்கு முதன்மை நிலையம், 10,000 பேருக்குத் துணை நிலையம், 2,000 பேருக்கு மருத்துவச்சி நிலையம் என மூன்றடுக்காக வகுக்கப்பட்டிருந்தது. 1970-களில் அது இரண்டடுக்காக மாற்றப்பட்டது. இவ்வாறு விரிந்த சேவைக்குத் தாதியரும் உதவியாளரும் தேவைப்பட்டனர். வெளிக்காட்டில் பால் மரம் சீவியவரின் பிள்ளைகளுக்கும் புதிய வழி ஒன்று தென்பட்டது.

அவ்வழியில் மூன்று வாயில்கள் இருந்தன. முதலாவது குடியுரிமை. பிறப்புப் பத்திரமின்றிச் சிவப்பு அடையாள அட்டையுடன் நின்றவர்க்கு அரசுப் பணிக்கதவு திறக்கவில்லை. இரண்டாவது பள்ளிச் சான்றிதழ். மூன்றாவது மொழி. 1967-ஆம் ஆண்டுத் தேசிய மொழிச் சட்டத்திற்குப் பின் மலாய்மொழியே ஆட்சிமொழியாக நிலைபெற்றது. முதலிரண்டையும் கடந்தவர் பலர் மூன்றாவதில், அதுவும் நேர்முகத் தேர்வு அறையில், தடுமாறினர். கற்ற பாடம் நெஞ்சில் இருந்தது, நாவில் எழவில்லை.

அத்தகைய ஓர் இளைஞனை எண்ணிப் பார்க்கலாம். தேர்வுக் குழுவினர், “இப்பணியை ஏன் விரும்புகிறீர்?” என்று மலாயில் வினவுகின்றனர். “மக்களுக்குச் சேவை செய்ய” என்று மனப்பாடமாய் உரைத்து அமைகிறான். அவன் சொல்லாமல் விட்டது யாது? சிறுவயது முதல் பாட்டியைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றவன் அவனே. “நெஞ்சு கரிக்குது” என்பது வேறு, “நெஞ்சு வலிக்குது” என்பது வேறு என்று தாதியிடம் மலாயில் விளக்கியவனும் அவனே. அந்த ஒரு சொல் மாறினால் மருந்தும் மாறும். உழைச்செல்வானுக்குரிய தகுதியை அவன் முன்பே பெற்றிருந்தான். அதனை எடுத்துரைக்கும் துணிவை மட்டும் எவரும் அவனுக்குப் பழக்கவில்லை.

இன்று விண்ணப்பம் இணையத்தில் செல்கிறது. பதவிப் பெயர்களும் மாறிவிட்டன. வினாக்களின் சாரம் மாறவில்லை. பணியின் கடமை என்ன, இரவு முறை வேலைக்கும் தொலைதூர மாற்றத்துக்கும் ஆயத்தமா, சினமுற்ற நோயாளியிடம் எவ்வாறு நடப்பது என்பனவே அவற்றின் உட்பொருள். தேறியவர் அனைவருக்கும் இடம் கிடைப்பதில்லை என்பதும் உண்மை. ஆயினும், பேசத் தெரியாமையால் ஒருவர் திரும்பி வருதல் தவிர்க்கக்கூடிய இழப்பு.

இங்கே தமிழாசிரியர்க்கு ஒரு கடமை உண்டு. வகுப்பில் மாணவனை எழுந்து நிற்கச் செய்து, தான் கண்டதையும் செய்ததையும் தமிழில் முறையாகச் சொல்லப் பழக்குதல் வேண்டும். பின் அதனையே மலாயிலும் சொல்லச் செய்தல் வேண்டும். ஒரு மொழியில் கோவையாகச் சிந்திக்கக் கற்றவனுக்கு மறுமொழியில் அச்சம் குறையும். அவன் மலாயில் விடையிறுத்துப் பணியில் அமர்ந்த பின், லயத்திலிருந்து வரும் ஒரு முதியவள் தன் நோயைத் தன் சொல்லிலேயே சொல்லலாம். கேட்டு அறிய அங்கே ஓர் உழைச்செல்வான் இருப்பான்.