மேசைக் கணினி மின்வழங்கியின் வெப்பமும் குளிர்விப்பும்: ஒரு வரலாறு

மேசைக் கணினிப் பெட்டியின் பின்புறத்தில், மின்கம்பி வந்து சேரும் இடத்தில் உள்ள உலோகப் பெட்டியே மின்வழங்கி ஆகும். கடைகளில் இதனை எஸ்எம்பிஎஸ் என்றும் பவர் சப்ளை என்றும் கேட்டு வாங்குகிறார்கள். வீட்டு இணைப்பில் வரும் மாறுதிசை மின்சாரத்தை, கணினியின் உறுப்புகளுக்கு ஏற்ற 12, 5, 3.3 வோல்ட் நேர்த்திசை மின்சாரமாக மாற்றித் தருவது இதன் பணி. இந்த மாற்றம் இழப்பின்றி நடப்பதில்லை. இழக்கப்படும் மின்னாற்றல் வெப்பமாகி அந்தப் பெட்டிக்குள்ளேயே சேர்கிறது.

இந்த வெப்பத்தைப் பற்றி இரண்டு கேள்விகள் எழுகின்றன. முதலாவது, எவ்வளவு வெப்பம் உண்டாகிறது? இரண்டாவது, உண்டான வெப்பத்தை எப்படி வெளியேற்றுவது? மேசைக் கணினியின் வரலாற்றில் இரண்டாவது கேள்வியே பெரும்பாலும் பேசப்பட்டது. ஆனால் முதல் கேள்விக்கு விடை கண்டவர்களுக்கே இரண்டாவது எளிதாக அமைந்தது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

மின்மாற்றிக் காலம்

1975 சனவரியில் ‘பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்’ இதழின் அட்டையில் இடம்பெற்ற ஆல்டேர் 8800, தொடக்ககாலத் தனிநபர் கணினிகளுள் புகழ்பெற்றது. அதன் மின்வழங்கி நேரியல் வகையைச் சேர்ந்தது. கனமான மின்மாற்றி ஒன்று மின்னழுத்தத்தைக் குறைத்து, ஏறத்தாழ 8 வோல்ட் அளவில் எல்லா அட்டைகளுக்கும் அனுப்பியது. ஒவ்வொரு அட்டையிலும் இருந்த சீராக்கிச் சில்லு அதனை 5 வோல்ட்டாகக் குறைத்தது.

குறைக்கப்பட்ட அந்த 3 வோல்ட் எங்கே போனது? அது வெப்பமானது. ஒரு ஆம்பியர் மின்னோட்டத்திற்கு 8 வாட் உள்ளே வந்தால் 5 வாட் மட்டுமே பயன்பட்டது. 3 வாட் சீராக்கியைச் சுட வைத்தது. மின்மாற்றியிலும் டையோடுகளிலும் ஏற்பட்ட இழப்பு இதற்கு மேலே. எடை, வெப்பம், வீண்செலவு ஆகிய மூன்றும் நேரியல் மின்வழங்கியின் கூடவே வந்த குறைகள்.

இதற்கு மாற்றாக அமைந்தது நிலைமாற்று மின்வழங்கி. இதில் டிரான்சிஸ்டர் ஒரு நொடிக்குப் பல்லாயிரம் முறை முழுமையாகத் திறந்து முழுமையாக மூடுகிறது. திறந்திருக்கும்போது அதன் குறுக்கே மின்னழுத்தம் மிகக் குறைவு. மூடியிருக்கும்போது மின்னோட்டம் இல்லை. வெப்ப இழப்பு என்பது இவ்விரண்டின் பெருக்கற்பலன் என்பதால், இரு நிலைகளிலும் இழப்பு சிறிதாகவே இருக்கிறது. அதிர்வெண் உயர்ந்ததால் மின்மாற்றியும் கையடக்க அளவுக்குச் சுருங்கியது. 1960களில் விண்வெளி, இராணுவக் கருவிகளில் இந்த முறை பயன்பட்டது. உயர் மின்னழுத்தத்தைத் தாங்கி விரைந்து இயங்கும் டிரான்சிஸ்டர்கள் மலிவான பின்னரே அது பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது.

விசிறி இல்லாத ஆப்பிள் II

1977இல் வெளிவந்த ஆப்பிள் II கணினியில் விசிறி இருக்கக் கூடாது என்று ஸ்டீவ் ஜாப்ஸ் விரும்பினார். வீட்டில் வைக்கும் கருவி இரைச்சலிடக் கூடாது என்பது அவர் எண்ணம். அந்த விருப்பத்தை நிறைவேற்றியவர் அட்டாரி நிறுவனத்தில் பணியாற்றி வந்த ராட் ஹோல்ட் என்ற பொறியாளர். அவர் வடிவமைத்த நிலைமாற்று மின்வழங்கி ஏறத்தாழ 38 வாட் திறன் கொண்டது. சிறிய மூடிய உலோகப் பெட்டிக்குள் அடங்கிய அது, விசிறியின்றியே இயங்கியது. 1978இல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது.

இந்த மின்வழங்கியைத்தான் மற்றக் கணினிகள் எல்லாம் பின்பற்றின என்று ஜாப்ஸ் பிற்காலத்தில் கூறியதுண்டு. அது மிகைக்கூற்று. அதற்கு முன்பே அம்முறை பல கருவிகளில் வழக்கில் இருந்தது. பின்னர் வந்த கணினிகள் பலவும் வேறு சுற்றமைப்புகளையே கையாண்டன. எனினும் ஒரு செய்தி இங்கே கவனிக்கத்தக்கது. ஆப்பிள் II விசிறியைக் கைவிட முடிந்ததற்குக் காரணம், முதலில் வெப்பத்தைக் குறைத்ததுதான். அந்தக் கணக்குக்கும் எல்லை இருந்தது. பயனர்கள் விரிவாக்க அட்டைகளை நிறையச் செருகியபோது பெட்டி சூடேறியது. பக்கவாட்டில் மாட்டும் விசிறிகளை வேறு நிறுவனங்கள் தயாரித்து விற்றன.

ஆப்பிள் III, மெக்கின்டாஷ்: கற்ற பாடம்

1980இல் அறிவிக்கப்பட்ட ஆப்பிள் III கணினியிலும் விசிறி இல்லை. கனமான வார்ப்பு அலுமினிய உடலே வெப்பத்தை வெளியேற்றும் என்று கருதப்பட்டது. ஆனால் கணினி நம்பகமாக இயங்கவில்லை. சில்லுகள் அவற்றின் செருகிடங்களிலிருந்து தளர்ந்து எழும்பின. கணினியைச் சில அங்குலம் தூக்கி மேசைமீது விடுமாறு வாடிக்கையாளர்களுக்கு ஆலோசனை கூறப்பட்டது. சில்லுகள் மீண்டும் பொருந்த அது உதவியதாம். கோளாறுக்கு வெப்பமே காரணம் என்பது பரவலான கருத்து. உடலை வடிவமைத்தவர்கள் இதை மறுத்து, மின்சுற்றுப் பலகையின் நெருக்கமான அமைப்பைக் குறை கூறினர். எப்படியாயினும், ஏராளமான கணினிகளை மாற்றித் தர நேர்ந்தது. அந்தப் பெயரும் மீளவில்லை.

1984இல் வந்த மெக்கின்டாஷிலும் விசிறி வைக்கப்படவில்லை. சூடான காற்று மேலே எழும் இயல்பை நம்பி, மேற்புறத்தில் துளைகள் மட்டும் விடப்பட்டன. மின்வழங்கிச் சுற்றும் திரைக்கான உயர் மின்னழுத்தச் சுற்றும் ஒரே பலகையில் நெருங்கி இருந்தன. நாளடைவில் அந்தப் பலகை பழுதாவது பயனர்களுக்குப் பழகிப்போன தொல்லையாயிற்று. 1985இல் ஜாப்ஸ் நிறுவனத்தை விட்டு விலகினார். 1987இல் வெளிவந்த மெக்கின்டாஷ் எஸ்இ விசிறியோடு வந்தது.

ஐபிஎம் வழி

1981 ஆகத்தில் வெளிவந்த ஐபிஎம் தனிநபர் கணினி வேறு வழியை மேற்கொண்டது. அதன் 63.5 வாட் மின்வழங்கிக்குள்ளேயே ஒரு விசிறி இருந்தது. அது கணினிப் பெட்டிக்குள் இருந்த காற்றை இழுத்து, மின்வழங்கியின் ஊடாகச் செலுத்திப் பின்புறம் வெளியேற்றியது. ஒரே விசிறி இரண்டு வேலைகளைச் செய்தது. வன்தட்டோடு 1983இல் வந்த எக்ஸ்டி கணினிக்கு 130 வாட்டும், 1984இல் வந்த ஏடி கணினிக்கு 192 வாட்டும் தேவைப்பட்டன. மூன்றே ஆண்டுகளில் திறன் மூன்று மடங்காயிற்று. விசிறி இருந்ததால் அந்த வளர்ச்சிக்கு இடம் கிடைத்தது.

ஆயினும் இந்த வழியில் ஒரு குறை மறைந்திருந்தது. மற்ற உறுப்புகளைத் தொட்டு ஏற்கெனவே சூடான காற்றே மின்வழங்கிக்குக் குளிர்காற்றாக வந்தது. இரண்டாவது, வெப்பத்தை விசிறி கொண்டுபோய்விடும் என்ற நம்பிக்கையில், அதைக் குறைக்கும் முயற்சி பின்தங்கியது.

காற்று எந்தப் பக்கம் வீச வேண்டும்?

1995இல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் வரையறை, தாய்ப்பலகை, பெட்டி, மின்வழங்கி மூன்றுக்கும் பொது அளவுகளை வகுத்தது. அதன் முதல் வடிவில் மின்வழங்கியின் விசிறி வெளிக்காற்றை உள்ளே இழுத்து, செயலியின் மீது வீசுமாறு அமைக்கப்பட்டது. செயலிக்குத் தனி விசிறி வேண்டாம். தூசியும் இடுக்குகள் வழியே நுழையாது என்பது எதிர்பார்ப்பு. ஆனால் மின்வழங்கியைக் கடந்து வரும் காற்று சூடானது. செயலிகளின் மின்தேவை உயர உயர, சூடான காற்றால் செயலியைக் குளிர்விக்கும் திட்டம் பொருந்தாமல் போயிற்று. பின்வந்த திருத்தங்களில் காற்றை வெளியே தள்ளும் பழைய முறையே திரும்பியது.

2000இல் பென்டியம் 4 செயலியோடு இன்னொரு மாற்றம் வந்தது. அதுவரை செயலிக்கு 5 வோல்ட் தடத்திலிருந்து மின்சாரம் எடுக்கப்பட்டது. இப்போது 12 வோல்ட் தடத்துக்கு மாறியது. அதே திறனுக்கு மின்னழுத்தம் உயர்ந்தால் மின்னோட்டம் குறையும். கம்பிகளிலும் இணைப்பிகளிலும் உண்டாகும் வெப்பமும் குறையும். விசிறிகளும் மாறின. பின்புறம் 80 மில்லிமீட்டர் விசிறி இருந்த இடத்தில், பெட்டியின் அகன்ற பக்கத்தில் 120 மில்லிமீட்டர் விசிறி வந்தது. பெரிய விசிறி மெதுவாகச் சுழன்றே அதே அளவு காற்றைத் தள்ளும், இரைச்சலும் குறையும்.

2005இல் வந்த ஆன்டெக் பி180 போன்ற கணினிப்பெட்டிகளில் மின்வழங்கி மேலிருந்து கீழ்த்தளத்திற்கு, தனி அறைக்கு இறங்கியது. பின்னர் பரவிய அமைப்புகளில் அது அடிப்புறத் துளைகள் வழியே நேரடியாக அறைக்காற்றை இழுத்துக்கொண்டது. ஐபிஎம் காலத்திலிருந்து தொடர்ந்த ‘சூடான காற்றே குளிர்காற்று’ என்ற குறை இவ்வாறு நீங்கியது.

மின்தேக்கியின் ஆயுள்

வெப்பத்தை ஏன் இவ்வளவு பொருட்படுத்த வேண்டும்? விடை மின்பகுளி மின்தேக்கிகளில் இருக்கிறது. இவற்றுக்குள் உள்ள மின்பகுளித் திரவம் வெப்பத்தால் மெல்ல வற்றுகிறது. வெப்பநிலை 10 பாகை செல்சியசு குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் விதி. 20 பாகை கூடினால் ஆயுள் கால்பங்காகிவிடும். 2000களின் தொடக்கத்தில் தரமற்ற மின்பகுளி கொண்ட மின்தேக்கிகள் உலகெங்கும் உப்பி வெடித்தன. சூடான மின்வழங்கிகளும் தாய்ப்பலகைகளும் அதில் மிகுதியாகப் பாதிக்கப்பட்டன.

விசிறிக்கு ஓர் இயற்கை எல்லை உண்டு என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அறைக்காற்றைவிடக் குளிர்ந்த நிலைக்கு எந்த விசிறியும் ஒரு பொருளைக் கொண்டு வராது. 40 பாகை கோடையில் அறைக்காற்றே சூடாக இருக்கும்போது, வெப்பத்தைக் குறைவாக உண்டாக்கும் மின்வழங்கியே நீடிக்கும்.

80 பிளஸ்: மூலத்தில் குறைத்தல்

2000களின் தொடக்கத்தில் பல மின்வழங்கிகளின் பயனுறுதிறன் 70 விழுக்காட்டு அளவிலேயே இருந்தது. 2004இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட 80 பிளஸ் திட்டம் இதை மாற்றியது. முழுச் சுமையில் 20, 50, 100 விழுக்காடு ஆகிய மூன்று நிலைகளிலும் குறைந்தது 80 விழுக்காடு பயனுறுதிறன் வேண்டும் என்று அது வரையறுத்தது. 2007இல் எனர்ஜி ஸ்டார் தரமும் அதே அளவை ஏற்றது. 2008இல் வெண்கலம், வெள்ளி, தங்கம் ஆகிய படிநிலைகள் வந்தன. பிளாட்டினமும் டைட்டானியமும் பின்னர் சேர்ந்தன.

இதன் பயனை ஒரு கணக்கால் அறியலாம். கணினிக்கு 300 வாட் தேவை என்று கொள்வோம். 70 விழுக்காடு பயனுறுதிறனில் சுவரிலிருந்து 429 வாட் எடுக்க வேண்டும். 129 வாட் மின்வழங்கிக்குள் வெப்பமாகும். 90 விழுக்காட்டில் 333 வாட் போதும். வெப்பம் 33 வாட் மட்டுமே. பயனுறுதிறன் 20 புள்ளிகள் உயர்ந்தபோது வெப்பம் நான்கில் ஒரு பங்காகிறது. குறைந்த சுமையில் விசிறியை முற்றிலும் நிறுத்தி வைக்கும் மின்வழங்கிகள் பெருகியது இதனால்தான். ஆப்பிள் II தொடங்கிய அமைதி, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின் பல மடங்கு பெரிய திறனில் திரும்பியது.

இன்றைய நிலை

வெப்பச் சிக்கல் தீர்ந்துவிடவில்லை; இடம் மாறியிருக்கிறது. 2022இல் ஏடிஎக்ஸ் 3.0 வரையறையோடு, வரைகலை அட்டைகளுக்கு 600 வாட் வரை தரும் புதிய இணைப்பி வந்தது. 12 வோல்ட்டில் 600 வாட் என்றால் 50 ஆம்பியர். ஆறு ஊசிகளும் சமமாகப் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் 8 ஆம்பியருக்குச் சற்று மேல். இணைப்பி சரியாக அமராமல் ஓர் ஊசியில் இரு மடங்கு மின்னோட்டம் பாய்ந்தால், அங்கு வெப்பம் நான்கு மடங்காகும். அவ்வாண்டிலேயே இணைப்பிகள் உருகியதாகச் செய்திகள் வந்தன. 2023இல் அதன் வடிவம் திருத்தப்பட்டது.

உருகும் அந்த இணைப்பியின் மீது எவ்வளவு காற்றை வீசினாலும் பயன் சிறிதே. அது முழுமையாக அமர்ந்திருக்க வேண்டும். ஊசிகள் சுமையைச் சமமாகப் பகிர வேண்டும். விசிறியை வைப்பதா எடுப்பதா என்று நீண்ட காலம் வாதிட்ட துறை, எவ்வளவு வெப்பம் உண்டாகிறது என்ற முதல் கேள்விக்கே மீண்டும் வந்து சேர்ந்திருக்கிறது.