தாது வருஷப் பஞ்சமும் ஒரு முன்சீபின் சிரிப்பும்

தமிழின் முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-இல் அச்சேறியது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோரைக் கொன்ற தாது வருஷப் பஞ்சம் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. பக்கத்துக்குப் பக்கம் சிரிக்க வைக்கிற அந்தக் கதையை எழுதிய வேதநாயகம் பிள்ளைதான், பஞ்ச நாட்களில் மாயூரத்தில் கஞ்சித்தொட்டி வைத்துத் தன் கைப்பொருளைக் கரைத்தவர். அவர் கத்தோலிக்கர் என்பதை இலக்கிய வரலாறுகள் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றன. அவருடைய நகைச்சுவை, கொடை, விசுவாசம் மூன்றும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்றே நான் கருதுகிறேன்.

அந்த வேர், எளியவன் படும் பாட்டைக் கண்டு பொறுக்காத மனம். திருச்சிக்கு அருகே குளத்தூரில் 1826-இல் பிறந்து, தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீபாக இருந்தவர் அவர். ஆங்கிலம் தெரியாத வழக்காளியும் சட்டத்தை அறியட்டும் என்று, 1805 முதல் வந்த மேல்நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கி 1862-இல் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று வெளியிட்டார். தமிழ் மட்டுமே தெரிந்த கட்சிக்காரன் விழித்துக்கொண்டு நிற்க, வக்கீல்கள் ஆங்கிலத்தில் வாதாடும் கூத்தை நாவலில் அவர் நையாண்டி செய்வதும் அதே அக்கறையால்தான். நாவலின் தொடக்கத்திலேயே இன்னொரு காட்சி வருகிறது. பிரதாபன் பணக்கார வீட்டுச் செல்லப்பிள்ளை, அவனை அடிக்கக் கூடாது. அவனுக்குப் பாடம் வராவிட்டால் உபாத்தியாயரின் மகன் கனகசபைக்கு அடி விழுகிறது. படிக்கும்போது சிரிப்பு வருகிறது; அடுத்த கணமே, அடி வாங்குகிறவன் ஒரு குற்றமும் செய்யாதவன் என்பது உறைக்கிறது. குற்றமற்ற ஒருவர் பிறருக்காக அடிபட்டதை நம்பிக்கையின் நடுவே வைத்திருந்த ஒருவர் எழுதிய காட்சி இது. அவர் அதை நினைத்துத்தான் எழுதினார் என்று சாதிக்க மாட்டேன். ஆனாலும் அந்த மனம் இதில் வேலை செய்திருக்கிறது என்றே படுகிறது.

நாவலில் கிறிஸ்துவின் பெயர் எங்கே இருக்கிறது, பாத்திரங்கள் எல்லோரும் இந்துக்கள்தானே, ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’ பாடியவரின் விசுவாசம் நீர்த்துப்போனதில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் ‘தேவமாதா அந்தாதி’யும் ‘திருவருள் மாலை’யும் அவர் எழுதியவையே. தன் வழிபாட்டில் அவருக்குத் தயக்கம் இருக்கவில்லை. பஞ்சம் தீராத 1878-இல் வந்த அந்தக் கீர்த்தனை நூலில் பசியால் வாடுகிறவர்களுக்காகக் கடவுளிடம் முறையிடும் பாட்டுகள் இருக்கின்றன. எந்தச் சமயத்தவர் வாயிலும் நிற்கும்படி அவற்றை அவர் அமைத்தார். பட்டினி கிடந்தவர்கள் எல்லாச் சமயத்தவர்களும்தானே! நந்தனார் சரித்திரம் தந்த சைவரான கோபாலகிருஷ்ண பாரதி அவருடைய கொடையைப் புகழ்ந்து கீர்த்தனை பாடினார். நற்செய்தி அறிவிப்பதன் பலன் மதம் மாறியவர்களின் தலைக்கணக்கு மட்டுமே என்றால், இந்தப் பாட்டுக்கு அதில் இடமில்லை. எனக்கு அந்தக் கணக்கு போதவில்லை.

இன்னொரு மறுப்பு கனமானது. பஞ்சத்திலும் தானியம் கப்பலேறியது. நிவாரண வேலைக்கு வந்தவனின் நாள்கூலியில் தானிய அளவை 1877-இல் ஒரு ராத்தலாகக் குறைக்கச் செய்தார் ஆங்கிலேய அரசின் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள். அத்தனை பெரிய கொடுமைக்கு முன் ஒருவர் ஊற்றிய கஞ்சி எம்மாத்திரம்? உண்மைதான், தனிமனிதக் கொடை ஆட்சியின் குற்றத்தைத் தீர்க்காது. ஆனால் அரசு ஒரு மனிதனுக்கு எவ்வளவு குறைத்தால் போதும் என்று கணக்குப் பார்த்த அதே நாட்களில், ஓய்வுபெற்ற ஒரு முன்சீப் தனக்கென்று எதை வைத்துக்கொள்வது என்று பார்க்காமல் கொடுத்தார். அந்த வேறுபாட்டைச் சிறிதென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

‘பிரதாப முதலியார் சரித்திரம்’ இன்றும் கடைகளில் கிடைக்கிறது. தேவாலய நூலகங்கள் அதை ‘தேவமாதா அந்தாதி’க்குப் பக்கத்திலேயே அடுக்கி வைக்கட்டும்.