அடிமனை

போன சித்திரையில் எங்க வீட்டைப் பிரித்தோம். மண்சுவரை இடிக்கையில் அம்மா வாசல்நிலையைச் சாணால் அளந்துகொண்டே நின்றது. "ஒங்க தாத்தா குனிஞ்சே போயி வந்தாருடா. ஒசத்திக் கட்டுனா ஆண்டை என்ன சொல்லுவாரோன்னு பயம்."

கீழத்தஞ்சையில் பண்ணையாளுக்குக் குடிசை சொந்தம், அடிமனை மிராசுதாருக்கு. கூலியைக் கூட்டிக் கேட்டால் வேலையோடு குடியிருப்பும் போகும். அடுத்தவன் மண்ணில் எவன் செங்கல் வைப்பான்? 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். மண்சுவருக்கும் கூரைக்கும் நாட்டுப்புற அழகு கற்பிக்கிற நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கணும். குடியிருந்த மனையைக் குடியிருந்தவருக்கே சொந்தமாக்கும் சட்டம் 1971இல்தான் வந்தது. தாத்தாவுக்குப் பட்டா கிடைத்தது அதற்கப்புறம்தான்.

கூலி நெல்லாக வந்த காலத்தில் வீட்டில் பாதியைக் குதிர் அடைத்திருந்தது. அறுவடை மெஷின் வந்தபின் ஏது கூலிநெல்? குதிர் இருந்த மூலையில் இப்போது தங்கச்சியின் தையல் மெஷின். திருப்பூரில் பனியன் கம்பெனியில் கற்ற தொழில். அதுக்கு வெளிச்சம் வேணும், பெரிய ஜன்னல் வேணும் என்றாள். நான் புத்தகத்துக்கு அலமாரி கேட்டேன். ஜன்னல்தான் ஜெயித்தது; அதுதானே சோறு போடுகிறது.

சுவர் எழும்பிவிட்டது. பட்டா இன்னும் தாத்தா பேரில். பேர் மாற்றினால்தான் தளத்துக்குக் கடனாம். வாரிசுச் சான்றுக்கு நாலு நடை நடந்தாச்சு. அதுவரை மேலே தார்ப்பாய்.